பதின்மூவாயிரம் ஆம்பியருக்கு மேல் அனுமதி இல்லை

மகமைச் சங்கத்தில் எதுவும் தானாக நடப்பதில்லை. தீர்மானம் போட்டால்தான் நடக்கும். ஒருமுறை லிஃப்டில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். மெக்கானிக்கை அழைக்கத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்கு ஒரு கை குறைந்தது. மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் செயற்குழு உறுப்பினர். "நானும் கையைத் தூக்கியிருக்கேன்" என்று அவர் உள்ளேயிருந்து கத்தினார். அதைக் குறிப்பில் ஏற்றிய பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள்.

காலண்டர், அட்டை, லேபிள் வியாபாரிகளின் சங்கம் அது. விற்கிற ஒவ்வொரு பண்டலுக்கும் ஒரு சிறு விகிதத்தைப் பொதுவுக்கு என்று ஒதுக்குவார்கள். அதுதான் மகமை. மூன்று தலைமுறை மகமையில் சிவகாசியில் நாலு மாடிக் கட்டடம் எழும்பியது. கீழே கல்யாண மண்டபம். மேலே கடைகளும் சங்க அலுவலகமும். மகமை மாளிகை என்று பெயர்.

முத்துப்பாண்டி அங்கே பேனல் ரூம் ஆள். தாயில்பட்டிக்காரன். அதற்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். அவன் அண்ணன் சீனிச்சாமிக்கும் அதே வேலைதான். ஒரு சித்திரையில் சீனிச்சாமி இருந்த ரூம் போனது. ரூம் போனது என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் புரியும். உள்ளே இருந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல மாட்டார்கள்.

அன்று சாயங்காலமே முத்துப்பாண்டியின் மனைவி பொன்மணி சொல்லிவிட்டாள். "மருந்து வேணுமா நான் வேணுமான்னு முடிவு பண்ணிக்கிடுங்க. ரெண்டும் ஒரு வீட்டுல இருக்காது."

அவன் சங்கச் செயலாளர் சங்கரபாண்டியனிடம் போய் நின்றான். சங்கரபாண்டியன் பெரிய காலண்டர் கம்பெனி முதலாளி. இரக்கமுள்ளவர் என்று அவரே சொல்வார்.

"இங்கன பேப்பரும் பந்தலும்தான்லே. வெடிக்கிற சாமான் ஒண்ணும் கெடையாது. வெடிக்காத எடத்துல வேலை பாக்குற யோகம் தாயில்பட்டியில எம்புட்டுப் பேருக்கு வாய்க்கும்?"

முத்துப்பாண்டி அவர் காலைத் தொட்டான். பொன்மணியிடம் அந்த வார்த்தையை அப்படியே ஒப்பித்தான். வெடிக்காத இடம். அவள் அன்றைக்குக் கறி எடுத்தாள்.

பேனல் ரூம் கீழ்த்தளத்தில், சமையல்கட்டுக்கும் மாப்பிள்ளை ரூமுக்கும் நடுவில் இருந்தது. ஓர் இரும்பு அலமாரி. அதில் வரிசையாகப் பிரேக்கர்கள். எங்கேயாவது வயரும் வயரும் ஒட்டிக்கொண்டால் பிரேக்கர் தானாக விழுந்து கரண்டை வெட்டிவிடும். அலமாரிக்கு முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் முத்துப்பாண்டி. விளக்குப் போடுவான், மோட்டார் போடுவான், அணைப்பான். இதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை.

மண்டபத்துக்கு ஏசி வைக்கலாம் என்று தீர்மானம் வந்தது. இரண்டாயிரத்து ஆறில் விருதுநகர் மண்டபங்களே ஏசி வைத்துவிட்டன. ஏசிக்கு இருந்த டிரான்ஸ்பார்மர் பத்தாது. புதிது வாங்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பிரதிநிதி வந்து செயற்குழு முன்னால் உட்கார்ந்து, பொருளின் விவரங்களைப் படித்தார். ஐந்நூறு கே.வி.ஏ. தாமிரச் சுருள். இம்பீடன்ஸ் நாலரை பெர்சன்ட்.

"இருங்க" என்றார் சங்கரபாண்டியன். "அது என்ன நாலரை? எவனுக்குப் போகுது?"

"யாருக்கும் போகாதுங்க. அது டிரான்ஸ்பார்மரோட கொணமுங்க."

"கரண்டுல நாலரைய அது எடுத்துக்கிடுது."

"எடுத்துக்கறதில்லீங்க. தடுக்குதுங்க."

"தடுத்து வச்சுக்கிட்டு என்ன செய்யுது?"

பிரதிநிதியிடம் விளக்கம் இருந்தது. ஆர்டர் இன்னும் கையில் இல்லை. அவர் விளக்கத்தை விழுங்கினார்.

சங்கத் தலைவர் கனகசபாபதி அதுவரை கண்ணை மூடியிருந்தார். பெர்சன்ட் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவர் தூங்க மாட்டார். "நாம கோயிலுக்கு எடுக்குற மகமையே அம்புட்டுக் கெடையாது. ஒண்ணரையில முடிங்க."

"முடியாதுங்கய்யா. சுருள் சுத்தவே வராதுங்க."

"அப்ப ரெண்டு."

"மூணுன்னா கேட்டுப் பாக்கறனுங்க."

ரெண்டரையில் முடிந்தது. பிரதிநிதி வராந்தாவுக்குப் போய்த் தொழிற்சாலைக்குப் போன் செய்தார். இவ்வளவு குறைத்து யாரும் கேட்டதில்லை, கேட்டால் செய்து தரலாம் என்று பதில் வந்தது. ஆர்டர் உறுதியானது. பிரதிநிதிக்குச் சேவும் சீரணி மிட்டாயும் கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லாததால் டிரான்ஸ்பார்மரை ஆடியில் இறக்கினார்கள். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, அதன் நெற்றி எது என்று தெரியாமல் பெயர்த் தகட்டிலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்கள். கனகசபாபதி பேசினார்.

"கோயிலுக்கு மகமை குடுக்கோம். பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கோம். சரி. ஒரு இரும்புப் பொட்டிக்கு எதுக்குக் குடுக்கணும்? நாலரை கேட்டுச்சு. ரெண்டரைல முடிச்சோம். மிச்சம் ரெண்டும் சமுதாயத்துக்கு."

கைதட்டினார்கள். முத்துப்பாண்டியும் தட்டினான். அந்த ரெண்டு எங்கே கிடக்கிறது, எப்போது பிரித்துக் கொடுப்பார்கள் என்று அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

சங்கரபாண்டியனின் மகன் ஹரிஷ்குமார் பி.இ. முடித்திருந்தார். படித்தது எலெக்ட்ரிகல். வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மத்தியான வெயிலுக்குப் பேனல் ரூமில் வந்து உட்காருவார். நல்ல பிள்ளை. தொழிலாளியை அண்ணே என்று கூப்பிடுவார். ஒருநாள் டிரான்ஸ்பார்மர் தகட்டின் சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்துப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். இன்னொரு முறை போட்டார்.

"அண்ணே, ஆனைக்குட்டம் டேம் பாத்திருக்கீகளா?"

"மீன் பிடிக்கப் போயிருக்கேன் தம்பி."

"ஷட்டரக் கொஞ்சமாத் தெறந்தா தண்ணி கொஞ்சமா வரும். அப்படி எறுக்கிப் புடிக்கிறதுக்குப் பேருதான் இம்பீடன்ஸ். வயரும் வயரும் ஒட்டுனா கால்வாய்க் கரை ஒடைஞ்ச மாதிரி. அம்புட்டுத் தண்ணியும் அங்கன பாயும். ஷட்டர் எறுக்கமா இருந்தா சேதம் கொறையும். நம்ம ஆளுக பேரம் பேசி ஷட்டரத் தூக்கி விட்டுட்டாக."

"தண்ணி நெறைய வந்தா நல்லதுதான தம்பி?"

"ஒங்க பிரேக்கர் பதினாறாயிரம் ஆம்பியர் வரைக்கும்தான் வெட்டும். இப்ப ஷார்ட் ஆச்சுன்னா இருபத்தாறாயிரத்துக்கு மேல வரும்."

"வந்தா?"

"வெட்டாது."

"வெட்டாட்டி?"

ஹரிஷ்குமார் பேனலைப் பார்த்தார். அதற்கு முன்னால் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

"வெடிக்கும்ணே."

முத்துப்பாண்டி எழுந்து நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டான். அந்த ரூமில் சுவருக்கும் பேனலுக்கும் இடையில் அவ்வளவு தூரம்தான் இருந்தது.

"நான் கூட்டத்துல சொல்லுதேன். பிரேக்கர மாத்தச் சொல்லுதேன். பயப்படாதீக. நான் இருக்கேன்ல" என்றார் ஹரிஷ்குமார்.

பொன்மணி இதைக் கேட்டுவிட்டுச் சோற்றுப் பானையைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கே கணக்க முடிச்சிட்டு வாங்க."

"தம்பி சொல்றேன்னிருக்காரு. படிச்ச புள்ள. மொதலாளி மகன் சொன்னா மொதலாளி கேக்க மாட்டாரா?"

"ஒங்க அண்ணனுக்கும் போர்மேன் சொல்றேன்னுதான் சொன்னாரு."

"அது மருந்து ரூமு. இது கல்யாண மண்டபம்."

அவள் மறுபடி பேசவில்லை. அவள் பேசாவிட்டால் சம்மதித்துவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொள்வான். சங்கத்தில் வேலை பார்த்து வந்த பழக்கம்.

ஹரிஷ்குமார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். செயற்குழுவில் எழுந்து நின்று கணக்கைச் சொன்னார். முத்துப்பாண்டி டீத் தட்டோடு கதவோரம் நின்றான். தகட்டில் ரெண்டரை இருக்கிறது, ரெண்டரைக்கு இருபத்தாறாயிரம் வருகிறது, பிரேக்கர் தாங்காது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், புதுப் பேனல் வந்து சேரக் கார்த்திகை ஆகும், அதுவரை மண்டபத்தை மூட வேண்டும்.

செயற்குழு பதிவு நோட்டைப் புரட்டியது. ஆவணியில் முகூர்த்தம் தவறாமல் மண்டபம் பதிவாகியிருந்தது. அதில் ஒன்று கனகசபாபதியின் பேத்தி ஆர்த்தியின் நிச்சயதார்த்தம்.

"தம்பி" என்றார் கனகசபாபதி. "ஷார்ட் சர்க்யூட்டுக்கு எம்புட்டு வரும்ங்கிறத எத வச்சுச் சொல்லுதீக?"

"பெர்சன்ட்ட வச்சுத்தான் தாத்தா. பெர்சன்ட் கொறைஞ்சா கரண்டு கூடும். பெர்சன்ட் கூடுனா கரண்டு கொறையும்."

"அப்ப பிரேக்கர எதுக்கு மாத்தணும்? பெர்சன்ட்ட மாத்துங்க."

"அது தகட்டுல அடிச்சிருக்கு தாத்தா."

"அடிச்சது யாரு?"

"கம்பெனிக்காரங்க."

"அவங்க நாலரைன்னு சொன்னாக. நாம சொன்னதுனால ரெண்டரைன்னு அடிச்சாக. அன்னைக்கு நாம கொறைச்சோம். இன்னைக்கு நாம கூட்டுதோம். நம்ம டிரான்ஸ்பார்மர்தான?"

ஹரிஷ்குமார் வாயைத் திறந்தார். சங்கரபாண்டியன் மகனைப் பார்த்தார். ஹரிஷ்குமார் வாயை மூடினார்.

எத்தனைக்குக் கூட்டுவது என்பதில் விவாதம் நடந்தது. ஒருவர் பழையபடி நாலரை என்றார். கவுரவமாக இருக்கட்டும் என்று இன்னொருவர் ஐந்து என்றார். மொய் எழுதும்போது ஒன்று சேர்த்து எழுதுவதுதான் முறை என்று கனகசபாபதி நினைவுபடுத்தினார். ஐந்து புள்ளி ஒன்று என்று முடிவானது. ஒருமனதாக நிறைவேறியது.

"இப்பக் கணக்குப் போடுங்க தம்பி."

ஹரிஷ்குமார் போட்டார். அதே பத்திரிகையின் பின்பக்கம். "பதின்மூவாயிரத்து எழுபத்திரண்டு" என்றார்.

"பிரேக்கர் தாங்குமா?"

"அதுக்குத் தாங்கும்."

அவருக்காக எல்லோரும் கைதட்டினார்கள். சில்லறை எழுபத்திரண்டு ஆம்பியரைத் தள்ளுபடி செய்தார்கள். ஹரிஷ்குமாரைத் தொழில்நுட்பச் செயலாளராக நியமித்தார்கள். அப்படி ஒரு பதவி அதுவரை கிடையாது.

கனகசபாபதி நிறைவுரை ஆற்றினார். "பத்துப் பேரு ஒத்துக்கிட்டா அதுதான் உண்மை. பதினோராவது ஆளு ஒத்துக்கிடலன்னா, அவன் இந்தச் சங்கத்துல இல்லன்னு அர்த்தம். நம்ம முன்னோர்க இப்படித்தான் இந்த ஊர உண்டாக்குனாக."

முத்துப்பாண்டி டீக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு கீழே வந்தான். ஹரிஷ்குமார் படியில் அவனைப் பிடித்தார்.

"அண்ணே, இப்போதைக்கு வேற வழியில்ல. நெசம் என்னன்னு எனக்குத் தெரியும்ல? ஏதாவது ஆச்சுன்னா எந்த எடத்துலயும் வந்து சொல்லுவேன். எங்க அம்மா மேல சத்தியம்."

சத்தியம் செய்த பிறகு சந்தேகப்படுவது மரியாதை இல்லை. முத்துப்பாண்டி சந்தேகப்படவில்லை.

அடுத்த வாரம் பெயின்டர் வந்து தகட்டுக்குப் பெயின்ட் அடித்து 5.1 என்று அழகாக எழுதிவிட்டுப் போனான். பேனல் ரூமில் சங்கமே அச்சடித்த ஒரு போர்டு மாட்டினார்கள். நாலு கலர் ஆஃப்செட். மேலே லட்சுமி. கீழே, 'இக்கட்டடத்தில் பதின்மூவாயிரம் ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் அனுமதிக்கப்படாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, செயலாளர்.'

போர்டுக்கு ஒரு காவல் வேண்டும் என்று அதற்கென்று போட்ட துணைக்குழு கருதியது. முத்துப்பாண்டிக்கு மஞ்சள் தொப்பியும் ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

"இத எப்ப ஊதணும் மொதலாளி?"

"பதின்மூவாயிரத்தத் தாண்டுச்சுன்னா ஊது" என்றார் சங்கரபாண்டியன்.

"தாண்டுறது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏலே, ஒன்னய எதுக்கு அங்கன ஒக்கார வச்சிருக்கு?"

அவன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஆவணி பிறந்தது. மூன்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஐந்து புள்ளி ஒன்று ஒழுங்காக வேலை செய்கிறது என்று சங்கரபாண்டியன் எல்லோரிடமும் சொன்னார்.

நாலாவது கல்யாணத்தில், காலை முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், ஓர் அணில் பேனலுக்குப் பின்பக்கம் இறங்கியது. சமையல்கட்டு மணத்துக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் போர்டு படிக்கத் தெரியாது. அதன் வால் ஒரு செம்புப் பட்டையிலும் மூக்கு இன்னொன்றிலும் பட்டது.

பிரேக்கர் வெட்டப் பார்த்தது. பிறகு வெடித்தது. பேனலின் கதவு கழன்று எதிர்ச் சுவரில் அடித்தது. அறை முழுதும் ஒரு நீல வெள்ளை வெளிச்சம். உருகிய செம்பு தெறித்தது. முத்துப்பாண்டி வலது கையால் முகத்தை மறைத்துக்கொண்டதால் இடது கண் பிழைத்தது.

மண்டபத்தில் யாரும் திரும்பவில்லை. சிவகாசியில் கல்யாணத்துக்கு வெடிச் சத்தம் கேட்டால் திரும்புவது அசலூர்க்காரர்கள். தாலி கட்டும் நேரம் என்பதால் வேட்டுப் போடுகிறார்கள் என்று நினைத்தார்கள். நாதஸ்வரக்காரர் அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டு கெட்டிமேளத்துக்குக் கண் காட்டினார். விளக்கு அணைந்ததைச் சிலர் கவனித்தார்கள். சரியாக நேரம் பார்த்து வெடி போட்டவனைப் பெண்ணின் தகப்பனார் பாராட்டி, கூப்பிட்டு வேட்டி கொடுக்கச் சொன்னார். அவனைத் தேடிப் போனவர்கள்தான் முத்துப்பாண்டியைத் தூக்கி வந்தார்கள்.

அவனை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. சங்கத்திலிருந்து வரப்போகும் ஆண்டின் காலண்டர் ஒன்று வந்தது. பொன்மணி அதைக் கட்டிலுக்கு அடியில் விரித்து அதன் மேல் செருப்பை வைத்தாள்.

"ஹரிஷ் தம்பி வந்தாரா?" என்று அவன் தினமும் கேட்டான்.

"நிச்சயதார்த்த வேலையா இருப்பாரு" என்றாள்.

"யாருக்கு நிச்சயம்?"

"அவருக்குத்தான். தலைவர் பேத்தி ஆர்த்தியோட."

முத்துப்பாண்டி சந்தோஷப்பட்டான். தலைவர் வீட்டு மாப்பிள்ளை பேச்சுக்கு இன்னும் எடை கூடும்.

விசாரணைக் கூட்டம் ஐப்பசியில் நடந்தது. விபத்து நடந்ததா என்பது முதல் பொருள். அதற்கு முன்னால் அஞ்சலி. அணிலுக்கு. ராமருக்குப் பாலம் கட்டிய இனம் என்று ஓர் உறுப்பினர் எழுந்து சொன்னதால், ஒரு நிமிடம் மவுனமாக நின்றார்கள். முத்துப்பாண்டியும் நின்றான்.

சங்கரபாண்டியன் விளக்கினார். "அனுமதிச்சது பதின்மூவாயிரம். பிரேக்கர் தாங்குறது பதினாறாயிரம். பதின்மூவாயிரம் வந்திருந்தா பிரேக்கர் வெட்டியிருக்கும். வெட்டல. அப்ப கூடுதலா வந்திருக்கு. அனுமதியில்லாமக் கூடுதல் கரண்டு உள்ள வந்திருக்குன்னா, வாசல்ல ஒக்காந்திருந்தவன் என்ன செஞ்சான்? விசில் ஊதுனயாலே?"

"ஊதல மொதலாளி."

"குறிச்சுக்கிடுங்க. ஊதல."

"டிரான்ஸ்பார்மர்ல ரெண்டரைதான் இருந்துச்சு. தம்பி பாத்தாரு. அவரக் கேளுங்க" என்றான் முத்துப்பாண்டி.

எல்லோரும் ஹரிஷ்குமாரைப் பார்த்தார்கள். அவர் புது வாட்ச் கட்டியிருந்தார். நிச்சயதார்த்தத்தில் போட்டது.

"தொழில்நுட்பச் செயலாளர் சொல்லலாம்" என்றார் கனகசபாபதி. "எத்தன பெர்சன்ட் மாப்பிள?"

"அஞ்சு புள்ளி ஒண்ணு."

"எதுல இருக்கு?"

"தகட்டுல இருக்கு. தீர்மானத்துலயும் இருக்கு."

முத்துப்பாண்டிக்கு அவர் முகம் பாதிதான் தெரிந்தது. நன்றாகத் தெரிகிற கண்ணை அவர் பக்கம் திருப்பினான்.

"தம்பி, ஆனைக்குட்டம் ஷட்டர் சொன்னீகளே."

ஹரிஷ்குமார் வாட்ச் வாரைச் சரிசெய்தார். பிறகு அண்ணே என்றே கூப்பிட்டார். அந்த மரியாதையை அவர் கடைசிவரை விடவில்லை.

"எந்த ஷட்டர்ணே?"

முத்துப்பாண்டி அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மா மேல் செய்த சத்தியத்தைச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த அம்மாள் மாடியில் பலகாரம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அவளை எதற்கு இழுப்பது.

முத்துப்பாண்டி நல்லவர் என்றும், கவனக்குறைவு யாருக்கும் வருவதுதான் என்றும் ஹரிஷ்குமார் கூடுதலாகச் சொன்னார். அதுவும் குறிப்பில் ஏறியது. முத்துப்பாண்டியின் சேவையைச் சங்கம் மனமாரப் பாராட்டி, அவனை வேலையிலிருந்து விடுவித்தது. மகமை மாளிகை வெடி விபத்து நடக்க வாய்ப்பில்லாத கட்டடம் என்று இன்னொரு தீர்மானம் போட்டார்கள். தொப்பியையும் விசிலையும் திருப்பிக் கேட்டார்கள். தொப்பி உருகிவிட்டது. விசிலைக் கொடுத்தான்.

பேனலை மாற்றினார்கள். பிரேக்கர் மட்டும் பழைய அதே பதினாறாயிரம்; ஐந்து புள்ளி ஒன்றுக்கு அது போதும். புது நாற்காலி ஒன்றும் வாங்கிப் போட்டார்கள்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளில் அடுத்த சீசனுக்கு ஆள் எடுத்தார்கள். பொன்மணிதான் முத்துப்பாண்டியைக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அவள் அங்கே திரி வெட்டப் போக ஆரம்பித்திருந்தாள். மருந்தா நானா என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

வாசலில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எழுதியிருந்தது. எழுத்து வெயிலில் வெளுத்திருந்தாலும் ஒரு கண்ணால் படிக்க முடிந்தது. செல்போன், தீப்பெட்டி, இரும்புச் சாமான் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே நுழையும் முன் தொட்டுவிட்டுப் போக ஒரு செம்புத் தகடு இருந்தது. உடம்பில் இருக்கிற கரண்டை அது மண்ணுக்கு இறக்கிவிடுமாம். அவன் ஒட்டிய விரல்களால் அதைத் தொட்டான்.

போர்மேன் ராக்கப்பன் அவன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனியிலலே போச்சு?"

"கல்யாண மண்டபத்துலண்ணே."

ராக்கப்பன் சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டுச் சிரிக்காமல் விட்டார்.

"கலக்குற வேலை ஒனக்கு ஆகாது. வெயில்ல சரம் காயப் போடு. ஒண்ணு சொல்லிருதேன், பொறவு கேக்கலன்னு சொல்லக் கூடாது. இங்கன வெடிக்கும். எப்பன்னு எனக்குத் தெரியாது. வெடிக்காதுன்னு நான் ஒருக்காலும் சொல்ல மாட்டேன்."

"வெடிக்கும்னு சொல்ற எடத்துக்குத்தாண்ணே வந்தேன்" என்றான் முத்துப்பாண்டி.